குப்புறப் படுத்த எதிராளி, 17 வருஷக் காத்திருப்பு: யார் இந்த காமா பயில்வான்?

லண்டன், 1910 செப்டம்பர் 10. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான மல்யுத்தப் போட்டி. ஆரம்பித்த ஒரு நிமிஷத்துக்குள் ஒருவர் கீழே விழுகிறார். அதன்பிறகு பெரும்பாலான நேரம் தரையை அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்தே கிடக்கிறார். மொத்தம் 2 மணி 35 நிமிஷம். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் தாண்டி மதுரைப் பக்கம் போய்விடலாம், அவ்வளவு நேரம்!

படுத்துக் கிடந்தவர் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. அவரைப் புரட்டிப்போடப் போராடியவர் இந்தியாவிலிருந்து போன காமா.

பஸ்கியில் ஜெயித்த சிறுவன்

இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ல் பஞ்சாபில், அமிர்தசரஸ் பக்கம் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். 10 வயதில் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில், நூற்றுக்கணக்கான பயில்வான்களோடு போட்டியிட்டு கடைசி 15 பேரில் ஒருவராக நின்றார். வயதைப் பார்த்து அசந்துபோன மகாராஜா, பரிசை அந்தச் சிறுவனுக்கே கொடுத்தார். பிறகு தத்தியா சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தார். தினமும் ஆயிரக்கணக்கில் தண்டால், பஸ்கி. சாப்பாட்டில் பால், நெய், பாதாம்.

லண்டனில் கதவு மூடியது ஏன்?

1910-ல் தம்பி இமாம் பக்ஷ் உள்ளிட்டவர்களோடு காமா லண்டன் போனார். ஆனால் உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் சுமார் 5 அடி 7 அங்குலம்தான்.

காமா ஊர் திரும்பவில்லை. எந்த எடைக்காரராக இருந்தாலும் சரி, மூன்று பேரை 30 நிமிஷத்தில் வீழ்த்துகிறேன் என்று வெளிப்படையாகச் சவால் விட்டார். வெற்று விளம்பரம் என்றே பலரும் நினைத்தார்கள். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார், தோற்றுப்போனார். அதன்பிறகே காமாவுக்குக் கதவு திறந்தது.

அந்த 2 மணி 35 நிமிஷம்

நம்ம ஊர் குஸ்தியில் எதிராளியை மல்லாக்கத் தள்ளினால் கதை முடிந்தது. மேற்கத்திய பாணியில் தரையில் கிடந்தபடியே சண்டை போடுவதும் ஒரு வித்தை. தோள்கள் இரண்டும் தரையைத் தொடாதவரை தோல்வி இல்லை. காமாவைவிட அதிக எடை கொண்ட ஸ்பிஷ்கோ இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். விதிப்படி அது தப்பில்லை. ஆனால் பார்த்தவர்கள் கடுப்பானார்கள்.

முடிவு டிரா. மறுபடி மோத செப்டம்பர் 17-ல் நாள் குறித்தார்கள். அன்று ஸ்பிஷ்கோ வரவே இல்லை. ஜான் புல் பெல்ட்டும் 250 பவுண்டும் காமாவுக்குப் போனது. இந்தியாவை பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், அவர்களுடைய தலைநகரிலேயே ஒரு இந்தியர் ஜெயித்தது இங்கே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. ஆனாலும் காமாவுக்கு ஒரு குறை: எதிராளியை வீழ்த்தி வாங்கிய பட்டம் இல்லையே.

கணக்கு தீர்ந்தது

அதற்கு 1928 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடம் பாட்டியாலா. அப்போது காமாவுக்கு வயது 49. அதே ஸ்பிஷ்கோ, இந்த முறை இந்திய மண்ணில். லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது, இங்கே ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது.

கடைசிக் காலம்

1947 பிரிவினையில் காமா லாகூரில் இருந்தார். கலவரத்தின்போது தன் பகுதியில் இருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்றார் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். சமஸ்தானங்கள் போனதும் பயில்வான்களைத் தாங்கிய ஆதரவும் போனது. நோயும் பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டன. எல்லை தாண்டி இந்தியத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா பண உதவி செய்தார். 1960 மே 23-ல் லாகூரில் காலமானார்.

2022-ல் அவருடைய 144-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் வெளியிட்டது. புரூஸ் லீயும் அவருடைய பயிற்சி முறையின் ரசிகர்தான். பஸ்கி எடுக்கும்போது காமா கழுத்தில் மாட்டிக்கொண்ட 95 கிலோ வளையம், ஸ்பிஷ்கோவை வீழ்த்திய அதே பாட்டியாலாவில், தேசிய விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் இருக்கிறது.