அலன் ரியூரிங் (1912 - 1954)

கணினி விஞ்ஞானத்தின் தந்தை எனப் போற்றப்படும் அலன் ரியூரிங் 1912 ஜூன் 23இல் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற இவர், கட்டளைகளைப் படிப்படியாகப் பின்பற்றிக் கணிக்கும் கற்பனை இயந்திரம் ஒன்றை 1936இல் விளக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைப்பதில் முக்கிய பங்காற்றினார்.

போரின் பின் கணினிக்குப் பெரிய நினைவகம் இன்றியமையாதது என வற்புறுத்தினார். அனுபவத்திலிருந்து கற்கும் இயந்திரம் தேவை என 1947இல் உரையாற்றினார். வளர்ந்தவரின் அறிவை இயந்திரத்திற் புகுத்துவதிலும், குழந்தை போன்றதோர் இயந்திரத்தை அமைத்துக் கற்பிப்பதே பொருத்தம் என்பது 1950இல் இவர் எழுதிய கட்டுரையின் கருத்து. அவ்வாறு கற்கும் இயந்திரத்தினுள் நடப்பதை அதன் ஆசிரியரே பெரும்பாலும் அறியமாட்டார் எனவும் அதில் சுட்டிக்காட்டினார்.

ஒருபாலுறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்ட இவர், 1954 ஜூன் 7இல் தமது 41ஆவது வயதில் இறந்தார். 2013இல் பிரித்தானிய அரசி இவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

முன்னைய உரையாடல்களை நினைவில் வைத்து, மாறாத இயல்புடன் பழகும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இன்று உருவாகியுள்ளன. குழந்தையைப் போலவே, கற்பித்தவையே அவற்றின் குணமாகின்றன. எனவே அக்குணத்துக்குக் கற்பிப்போரே பொறுப்பாளிகள் என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.