கல்லைக் காகிதத்தில் பிடித்த கேப்டன்



எங்க ஊர் மண்டகப்பட்டு. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்கணும். ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த கோயில் ஒன்று இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இந்த நாலும் இல்லாமல் செய்ததாக ராஜாவே அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறார். நான் சிவில் மாணவன். அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். உங்க ஊர் ராஜா உங்க அப்பா பொழைப்புல மண்ணைப் போட்டுட்டாரேடா என்று ஹாஸ்டல் பசங்க கிண்டல் பண்ணாத நாளே கிடையாது.

இந்த மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். தலைவர்களைப் பற்றி எழுதப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் எங்க மாமாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அம்மாவின் தம்பி. செஞ்சியில் ஒரு ஸ்டுடியோவில் பதினைந்து வருஷம் டார்க் ரூமில் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், கோட்டை பார்க்க வந்தவர்கள் எடுத்துக்கொண்ட படம், எல்லாம் அவர் கையால் கழுவிப் போட்டது. டிஜிட்டல் வந்ததும் ஒருநாள் அந்த ரூமை ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒழித்துக்கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது மாமா ஓட்டுவது லோடு வண்டி. என்லார்ஜர் எங்க வீட்டுப் பரணில் சாக்கு சுற்றிக் கிடக்கிறது.

மாமாவோ, என்னைப் பற்றி எழுத என்ன இருக்கு, வேற பெரிய ஆளா பாரு என்று சொல்லிவிட்டார். தேடினேன். நூலகத்தில் தஞ்சாவூர் பற்றிய ஒரு புத்தகத்தில் பெரிய கோயிலின் பழைய படம் ஒன்று இருந்தது. கீழே லின்னேயஸ் ட்ரைப், 1858 என்று போட்டிருந்தது. அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

ட்ரைப் 1822 ஏப்ரல் 14-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. 1838-ல், அதாவது நம்மைவிடச் சின்ன வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் சாதாரண ராணுவ வாழ்க்கை. 1850-ல் லீவில் ஊருக்குப் போனவர் உடம்பு சரியில்லாமல் 1854 வரை அங்கேயே தங்கும்படி ஆயிற்று. அந்த லீவில்தான் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டார். லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிய 1853-லேயே அதில் உறுப்பினர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

கேப்டனாக பெங்களூர் திரும்பியவர் அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர்ப் பக்கம் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-ல் மெட்ராஸ் கண்காட்சியில் 68 படங்கள் வைத்துப் பாராட்டு வாங்கினார். அதே வருஷம் பர்மாவின் ஆவா ராஜசபைக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவில் அரசாங்கப் படப்பிடிப்பாளராக அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இருநூறுக்கு மேல் நெகடிவோடு திரும்பினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த நெகடிவ் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்ததே இதுதான். அது பிலிம் இல்லை, காகிதம். நல்ல காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஏற்றுவார்கள். எண்ணெய் பட்ட பஜ்ஜிப் பேப்பர் போல அது வெளிச்சத்தை விடும். அப்புறம் அயோடைடு கரைசலில் ஊறப்போட்டு, இருட்டில் சில்வர் நைட்ரேட் ஏற்றிக் காயவைக்கணும். கேமராவில் வைத்து நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கணும். பிறகு காலிக் அமிலத்தில் போட்டால் உருவம் மெல்ல எழும்பி வரும். ஹைப்போவில் போட்டு நிலைநிறுத்திக் கழுவணும். என்லார்ஜர் கிடையாது. சுமார் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் படம் வேண்டுமென்றால் நெகடிவும் அந்த அளவு, கேமராவும் அதற்குத் தகுந்த பெட்டி. பிரிண்ட் போட நெகடிவை ரசாயனம் தடவிய காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காயப்போடுவார்கள். வெயிலே படத்தைக் கருக்கிக் கொடுக்கும். பிறகு தங்க உப்புக் கரைசலில் தோய்த்து நிறம் கூட்டி, மறுபடி ஹைப்போ, மறுபடி தண்ணீர்.

இப்போது கணக்குப் போடுங்கள். பர்மாப் படங்களில் 120-ஐத் தேர்ந்தெடுத்து ஐம்பது பிரதி போட்டார்கள். ஆறாயிரம் பிரிண்ட்! ஒவ்வொன்றும் தனித்தனியாக வெயில் பார்த்துக் கழுவியது. மேகம் மூடினால் அன்றைக்கு வேலை நின்றது. பெங்களூரில் உட்கார்ந்து 1857 வாக்கில்தான் முடிக்க முடிந்தது.

அதற்குள் ட்ரைப்பை மெட்ராஸ் மாகாண அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக நியமித்துவிட்டார்கள். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றிப் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றி 1858 ஏப்ரல் கடைசியில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். மதுரைக்கு மட்டும் நாலு தொகுதி. அவர் வெளியிட்ட தொகுதிகளில் செஞ்சி இல்லை. அத்தனை பெரிய கோட்டையை எப்படி விட்டார் என்று எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு.

திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்தது அது பாழாய்க் கிடந்த நிலையில். நேப்பியர் பிரபு காலத்துச் சீரமைப்பு 1866-க்கு மேல்தான். நாம் டூர் போய்ப் பார்க்கிற மகாலுக்கு முந்திய மகால் ட்ரைப்பின் படத்தில் இருக்கிறது. பல படங்களில் மனித நடமாட்டமே இராது. ஊரில் ஆள் இல்லாமல் இல்லை, அசையாமல் நின்றவை மட்டுமே நெகடிவில் பதிந்தன. நடந்து போனவன் நிழலாகக்கூட விழவில்லை. நாத்துக்கட்டு சுமந்து போகிற எங்க அம்மா போன்றவர்களும் அந்தத் தெருக்களில் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகாயத்திலும் ஒரு வேலை செய்திருக்கிறார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், வானம் வெறும் காகிதமாக வரும். ட்ரைப் நெகடிவ் மேல் தூரிகையால் சாயம் தீட்டி மேகம் வரவழைத்தார். இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண் பார்த்ததைக் காகிதம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் தஞ்சாவூரில் செய்தது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து 21 படம் எடுத்து, பிரிண்டுகளை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் 19 அடி. அந்தக் கல்வெட்டுகள் அச்சில் வர ஆரம்பித்தது 1890-களில்தான். சர்வே கேம்ப்பில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு லெவல் பிசகாமல் கொண்டுபோக நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். அவர் அதை 21 தடவை செய்திருக்கிறார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் கம்பெனி அதிகாரி. நாட்டை ஆள்கிறவர்களுக்கு நாட்டில் என்ன இருக்கிறது என்று காட்டுவது அவர் உத்தியோகம். வண்டி ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பெயரெல்லாம் படத்தின் கீழே இல்லை. ஆனால் உதவியாளர் ஒருவர் பெயர் கிடைக்கிறது, அய்யாசாமி. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் மெட்ராஸில் தொடங்கிய கலைத்தொழில் பள்ளியைச் சேர்ந்தவர். இன்றைய எழும்பூர் கவின் கலைக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். தொழில் படித்த பையன் ஒருவனின் பெயர் அந்தக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது என்று பார்த்ததும், படிக்கும் இடத்தில் தனியாக இருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

மெட்ராஸில் அமராவதிச் சிற்பங்களையும் எடுத்து முடித்தார். 1859-ல் புதிய கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் வந்தார். கலகத்துக்குப் பின் கஜானா காலி. இந்தப் படப்பிடிப்பு வசதிக்கு மீறின ஆடம்பரம் என்று கருதி நிறுத்தச் சொல்லிவிட்டார். ட்ரைப் மிச்ச வேலையை முடித்து 1860-ல் ஒப்படைத்தார். வயது 38.

அப்புறம் அவர் போட்டோகிராபியை ஏறக்குறைய விட்டுவிட்டார். பத்து வருஷம் கழித்து பர்மாவில் கொஞ்சம் எடுத்ததோடு சரி. பட்டாளத்தில் தொடர்ந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1875-ல் மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவி பெற்று, சங்கு, சிப்பி, பவளம் சேர்த்துக்கொண்டிருந்தார். 1902 மார்ச் 2-ல் பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார். 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மியூசியங்களில் அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது.

ஆயுத பூஜை லீவில் இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லி, போனில் படங்களைக் காட்டினேன். கவர்னர் நிறுத்திய கதைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூர்ச் சுருளைப் பெரிசு பண்ணி, ஒட்டு எங்கே என்று தேடினார். ரொம்ப நேரம் தேடினார். 21 பிரிண்டும் ஒரே கருப்பு வரணும்னா வெயிலை எப்படிடா அளந்தாங்க என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஏணி போட்டுப் பரணில் ஏறி, சாக்கைப் பிரித்து, என்லார்ஜர் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.