இலைக்குள் புகுந்து பார்த்தவர் - ஹாரி மார்ஷல் வார்டு

(இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. தாவரவியல்)

சென்ற பருவத்தில், செய்முறை வகுப்புக்கு ஆளுக்கொரு நோயுற்ற இலை கொண்டு வருமாறு எங்கள் விரிவுரையாளர் பணித்தார். பூந்தமல்லியிலிருந்து வரும் தோழி, தன் வீட்டு மல்லிகைப் பந்தலிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்தாள். கரிப்பொடி தூவினாற்போல் அதன்மேல் வட்ட வட்டமாகக் கறைகள். அம்பத்தூர்க்காரியான நான் அதைத் தொழிற்பேட்டைப் புகை என்றே எண்ணினேன். நுண்ணோக்கியில் வைத்தபோதோ, பழுப்பு நிற இழைகளும், இழை நெடுகக் குமிழ் குமிழாய்ச் செல்களும், நடுவே கருமணி போன்ற கனியுடல்களும் தெரிந்தன. இது மெலியோலா என்னும் பூஞ்சை. இதன் வளர்ச்சியை ஆராய்ந்து எழுதிய வார்டு என்பவர் இலங்கையில் காப்பி நோயை ஆராய வந்தவர் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார். இலங்கை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பாயி பிறந்தது அங்கே, தேயிலைத் தோட்டத்து லயத்தில்.

நூலகத்தில் தேடிப் படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹாரி மார்ஷல் வார்டு 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை இசைத் தொழில் செய்தவர், வசதி போதாது. பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்ட வார்டு, லண்டனில் ஹக்ஸ்லியின் வகுப்பில் சேர்ந்து பயின்று, உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் நுழைந்து, 1879இல் முதல் வகுப்பில் தேறினார். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் என் போன்றோருக்கு இந்தப் பகுதியைக் கடந்து செல்ல மனம் வராது. ஆயினும் அவர் பெருமை இதில் இல்லை.

அக்காலத்தில் இலங்கை மலைநாடு முழுவதும் காப்பி. 1869இல் அங்கே காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தோன்றிற்று. இலைகள் உதிர்ந்தன, விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. பெர்க்லி, புரூம் என்ற இருவர் இந்தத் துருப்பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். இதன் வித்தணு ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். பாதி வழவழப்பு என்பதே முதற்சொல்லின் பொருள். நாசம் செய்வது என்பது இரண்டாவதன் பொருள். பெயர் வைத்தாயிற்று, நோய் நின்றபாடில்லை. 1880இல் அரசு வார்டை அனுப்பிற்று. வயது இருபத்தாறு கூட நிரம்பவில்லை.

அவர் செய்த முதல் வேலை, குற்றவாளியையும் அப்பாவியையும் பிரித்தது. காப்பி இலையின் மேற்பரப்பில் பலவகை இழைகள் ஓடும். அவையும் துருநோயின் ஒரு பருவமே. ஆகையால் மருந்துப் பொடி தூவி அழித்துவிடலாம் என்று முன்னவர்கள் நம்பியிருந்தனர். வார்டு ஒவ்வோர் இழையையும் முளையிலிருந்து தொடர்ந்து பார்த்தார். துருவின் வித்தணு நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைந்து, செல்களுக்கு இடையே பரவி, சில வாரங்களில் மீண்டும் பொடியாக வெளிவருகிறது. மேலே ஓடும் இழைகள் வேறு பூஞ்சைகளுடையவை. கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, வித்தணுக்கள் காற்றில் பறந்து வருவதையும் காட்டினார்.

அப்படியானால் மருந்து? உள்ளே புகுந்தபின் எந்தப் பொடியும் எட்டாது. புகுமுன் காக்க வேண்டும். மலை முழுதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே காற்றுக்கு வழி திறந்தது. இடையிடையே மரவரிசைகள் வேண்டும். இதுதான் அவர் விடை. கைகண்ட மருந்தை எதிர்பார்த்த தோட்ட முதலாளிகளுக்கு இது கசந்தது. இல்லாத மருந்தை உண்டென்று சொல்லியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள்! புகுமுன் காக்கும் போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான்) பிரான்சில் வெளிப்பட்டது 1885இல். வார்டோ 1882லேயே ஊர் திரும்பிவிட்டார்.

இலங்கையில் பார்த்த மெலியோலாவின் கனியுடல் உருவாவதைச் செல் செல்லாக விளக்கி, 1883இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். பின்னாளில், 1920இல், பீலி என்பவர் மெலியோலா இனங்களை எட்டு இலக்கங்களில் குறிக்கும் முறையை வகுத்தார். வித்தணுவில் எத்தனை தடுப்பு, முட்கள் எப்படி, அளவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எங்கள் மல்லிகை இலைக்கு அதை எழுதிப் பார்க்க நானும் தோழியும் முயன்றோம். நான்காவது இலக்கத்தில் சண்டை வந்துவிட்டது.

கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில், இந்தியக் காடுகளுக்கு வரவிருந்த அதிகாரிகளுக்கு வார்டு பத்தாண்டுகள் பாடம் நடத்தினார். 1895இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். அங்கே புரோமஸ் என்னும் புல்வகையின் துருவை ஆராய்ந்து, நுண்ணோக்கியில் ஒன்றாகத் தெரியும் பூஞ்சை, ஒரு புல்லைத் தாக்கும், இன்னொன்றைத் தொடாது என்று காட்டினார். வகைப்பாட்டை உருவத்தால் மட்டும் முடிக்க இயலாது என்பதற்கு இது நல்ல சான்று. இடைப்பட்ட புல்லில் வளர்ந்து துரு புதுத்திறன் பெறும் என்ற அவர் கருத்தைப் பின்னாளைய சோதனைகள் உறுதிசெய்யவில்லை. 1906இல், ஐம்பத்திரண்டு வயதில் மறைந்தார். மலைச்செடி தேடிப் புகழ்பெற்ற கிங்டன்-வார்டு இவர் மகன்.

காப்பி அழிந்த மலையில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டிருந்த பயிர்தான், பத்தாண்டு இருபதாண்டுகளில் மலையை மூடிற்று. காப்பிக்கு ஆள் தேவை பறிப்புக் காலத்தில் மட்டும். தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து போனவர்களில் பிழைத்தவர்கள், வேலை முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். 1948இல் அவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத்தின்படி ஒரு பகுதியினர் இங்கு அனுப்பப்பட்டனர். அப்படி வந்தவர் அப்பாயி. அப்பா இங்கே கடைசல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓர் இலைத்துளையில் நுழைந்த பூஞ்சை எங்களை எங்கெல்லாம் கொண்டு வந்திருக்கிறது!

இவற்றையெல்லாம் ஒரு மாலை அப்பாயியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் லயத்துக்குப் பின்னால் யாரும் கவனிக்காத காப்பிச் செடிகள் நாலைந்து நின்றதாகவும், விளையாடும்போது இலையைத் திருப்பிப் பிடித்தால் விரலில் மஞ்சள் குங்குமம் போல ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். அதுதான் அந்தப் பூஞ்சை என்றேன். பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.