ஐம்பது ஸாஉகளும் ஓர் இமாமும்

ரமளான் கடைசிப் பத்து வந்துவிட்டால், ஃபித்ரா எத்தனை கிலோ என்று பள்ளிவாசலில் கேட்கத் தொடங்குவோம். மார்க்கம் சொன்ன அளவு ஒரு ஸாஉ. அந்த ஸாஉ எவ்வளவு என்று தேடிப் போனால், இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் வாழ்வில் போய் நிற்போம்.

யஃகூப் பின் இப்ராஹீம் என்ற இயற்பெயர் கொண்ட இமாமவர்கள், ஹிஜ்ரி 113-இல் கூஃபாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்கள். வறுமையால் படிப்பு தடைபட்டபோது, இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் பொருளுதவி செய்து ஓத வைத்தார்கள். பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காழியானார்கள். அப்பதவியை முதன்முதலில் வகித்தவர்கள் அவர்களே. அரசின் வரிகள் பற்றி ‘கிதாபுல் கராஜ்’ எழுதினார்கள்.

ஒரு ஸாஉ எட்டு ராத்தல் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மதீனாவாசிகளோ, ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் ராத்தல் என்றார்கள். ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு. ஏழைக்குச் சேரவேண்டிய உரிமை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஹஜ்ஜுக்குச் சென்ற அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனாவில் இதை விசாரித்தார்கள். எங்கள் ஸாஉதான் நபி (ஸல்) அவர்களின் ஸாஉ என்றார்கள் மக்கள். இமாமவர்கள் ஆதாரம் கேட்டார்கள். மறுநாள் காலையில் முஹாஜிர், அன்சாரிகளின் வழிவந்த முதியவர்கள் சுமார் ஐம்பது பேர், தத்தம் வீட்டு ஸாஉவை மேலாடைக்குள் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் தந்தை அல்லது குடும்பத்தார் வழியாக, இதுவே நபியின் ஸாஉ என்று அறிவித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் சமம். அளந்தால் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் ராத்தல், சற்றுக் குறைய.

ஒரு வீட்டுப் பாத்திரம் மட்டும் என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. வெவ்வேறு வீடுகளில் காத்துவந்த ஐம்பதும் ஒத்துப்போனால், மூலம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஹதீஸுக்கு இஸ்னாத் எப்படியோ, அளவைக்கும் அப்படியே. தம்மை வளர்த்த ஆசிரியரின் கருத்தை இந்த விஷயத்தில் விட்டுவிட்டு, இமாமவர்கள் மதீனாவின் அளவை ஏற்றார்கள். ஆசிரியர் மீதிருந்த மரியாதை இதனால் குறையவில்லை.

இன்றும் கடைப் படிக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறது. அதைச் சோதித்த கல் அதைவிட நுட்பமான கல்லோடு சோதிக்கப்பட்டது. இப்படியே சங்கிலி புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம்வரை போகிறது.

இமாமவர்கள் ஹிஜ்ரி 182-இல் பக்தாதில் வஃபாத்தானார்கள். ஹனஃபி மத்ஹபின் ஃபத்வா இன்றும் எட்டு ராத்தல். ஷாஃபிஈ மத்ஹபில் மதீனாவின் அளவு. எனவே பக்கத்து ஊரின் ஃபித்ரா கணக்கு வேறாக இருந்தால் சண்டையிட வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்போம். நம் வீட்டுப் படியையும் ஒருமுறை சரிபார்ப்போம்.