பேசக் கற்கும் இயந்திரம் – ஆலன் டூரிங்

கோவைக்குப் பக்கத்திலுள்ள போத்தனூரை ரயிலில் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். கணிப்பொறி இயலின் தந்தையருள் ஒருவரான ஆலன் டூரிங்கின் அன்னை சாரா, 1881ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தவர் என்பதை அண்மையில்தான் அறிந்து வியந்தோம். அவ்வம்மையாரின் தந்தை ரயில்வேப் பொறியாளர். கணவர் ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆலன் 1912 ஜூன் 23இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் பணி நிமித்தம் இந்தியா திரும்ப, அவரும் தமையன் ஜானும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர். விடுதியில் தங்கிப் பயிலும் நம் தோழியருக்கு அந்தப் பிள்ளைகளின் ஏக்கம் சொல்லாமலே விளங்கும். 1926இல் புதுப் பள்ளிக்குப் புறப்பட்டபோது நாடெங்கும் வேலைநிறுத்தம். ரயில் இல்லை. 13 வயதுச் சிறுவன் சுமார் 60 மைல் தொலைவைச் சைக்கிளிலேயே கடந்து பள்ளி சேர்ந்தான்!

பின்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் முன்னணியில் நின்றார்.

நம் உள்ளத்தைத் தொட்டது 1950இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை. மனிதரோடு உரையாடும் இயந்திரத்தை எவ்வாறு உருவாக்குவது? வளர்ந்த மனிதனின் அறிவை அப்படியே செய்து வைக்க முயல்வதைவிட, குழந்தை மனம் போன்ற ஓர் இயந்திரத்தைச் செய்து அதற்குக் கல்வி புகட்டலாமே என்றார் டூரிங். அதற்குக் கால்கள் இராது. கரி அள்ளி வரச் சொல்ல முடியாது. பள்ளிக்கு அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்றுகூட எழுதினார் (நாமும் செய்திருப்போம்!). கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லரை அங்கே அவர் நினைவுகூர்கிறார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஏதேனும் ஒரு வழியில் கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தால் கல்வி நிகழும் என்பதற்கு அவரே சான்று. பரிசும் தண்டனையும் மட்டும் போதா. அமைதியாக எடுத்துச் சொல்லும் மொழியும் வேண்டும் என்பது டூரிங்கின் கருத்து. தாமே அத்தகைய சிறு இயந்திரம் ஒன்றுக்குச் சில பாடங்கள் கற்பித்தும் பார்த்தார்.

1952இல் அக்கால ஆங்கிலச் சட்டம் அவருடைய அந்தரங்க வாழ்வைக் குற்றமாக்கித் தண்டித்தது. 1954 ஜூன் 7இல், 41 வயதில், நஞ்சினால் மாண்டார். 2013இல்தான் அரசியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் அவரல்லர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

விசாரணையில் தற்கொலை என்றார்கள். தாய் சாரா அதை ஏற்கவேயில்லை. எழுபது வயதைக் கடந்திருந்த அவ்வம்மையார் மகனின் வரலாற்றைத் தாமே எழுதினார். 1959இல் அது நூலாக வெளிவந்தது.