வம்சாவளி கேட்ட சட்டமும் றுவன்வெல்லை கண்ட என்.எம். பெரேராவும்

பந்தயக் குதிரையை விலை பேசுவோர் அதன் தாய், தந்தை வழியை விசாரிப்பர். கறவைப் பசுவை வாங்குவோரும் அவ்வாறே செய்வர். விலங்குகளின் வேகமும் பாலும் பரம்பரையில் தொடர்வதால் அதில் நியாயம் உண்டு. ஆனால், ஒரு மனிதன் தான் பிறந்து உழைத்த நாட்டுக்கு உரியவனா என்பதைத் தீர்மானிக்கப் பாட்டனையும் பூட்டனையும் சாட்சிக்கு அழைப்பது எவ்வகையில் நியாயமாகும்? 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றத்தில் இக்கேள்வி எழுந்தபோது அதற்கு உரத்துப் பதில் சொன்னவர்களுள் ஒருவர் கலாநிதி என்.எம். பெரேரா. சப்ரகமுவ மாகாணத்தின் றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து தெரிவானவர் அவர். அவரது வாழ்வை மீட்டிப் பார்ப்பது இன்றும் பயனுடையது என்றே நாம் கருதுகிறோம்.

நாணயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி கொழும்பில் ஒரு சாதாரண குடும்பத்தில் பிறந்தார். குலப்பெயர் நீண்டதாக இருந்தபோதிலும், மக்கள் அவரை இரண்டே எழுத்துகளில் என்.எம். என்று அழைத்தனர். ஆனந்தா கல்லூரியில் பயின்ற அவர், லண்டன் பொருளியல் கல்லூரியில் பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியின் மாணவராகி, இரண்டு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியது. சுமார் 80 ஆயிரம் பேரைப் பலிகொண்ட அக்கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்ற இளைஞர்களுள் என்.எம். முன்னின்றார். பசித்தவர்களுக்குப் பருப்பு வழங்கியமையால் 'பருப்பு மாத்தயா' என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. 1935 டிசம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் தாபகர்களுள் அவரும் ஒருவரானார்.

1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் அவர் போட்டியிட்ட றுவன்வெல்லை, பிரபுத்துவக் குடும்பங்களின் செல்வாக்கு வேரூன்றிய பிரதேசம். 1931இல் ஜே.எச். மீதெனிய அதிகார் வகித்த அந்த ஆசனம், அவர் அதே ஆண்டில் மறைந்ததும் அவரது மகள் அடலின் மொலமூரேக்குச் சென்றது. நாட்டின் சட்டவாக்க சபைக்குத் தெரிவான முதற்பெண் அவரே என்பது வரலாற்றுப் பெருமைதான். எனினும் ஆசனம் தந்தையிடமிருந்து மகளுக்குச் சென்றது என்பதும் உண்மை. ஐந்து ஆண்டுகளின் பின்னர், அப்பிரதேசத்தில் எந்தப் பூர்வீகச் செல்வாக்கும் இல்லாத கொழும்பு இளைஞர் ஒருவரை மக்கள் தெரிவு செய்தனர். குலத்தை அன்றித் தொண்டையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர்.

சமசமாஜக் கட்சி தோட்டத் தொழிலாளரிடையேயும் சங்கம் அமைத்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்த நிகழ்வு அக்காலப் போராட்டங்களின் இரத்த சாட்சியாகும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் என்.எம். சிறைப்படுத்தப்பட்டார். 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தோழர்களுடன் தப்பி இந்தியா சென்ற அவர், 1943இல் பம்பாயில் கைதாகித் திருப்பி அனுப்பப்பட்டார்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்து அறையில் பிறந்து, றப்பர் மரத்தடியிலும் தேயிலை மலையிலும் ஆயுளைக் கழித்த தொழிலாளி பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? அயற் கிராமத்துச் சிங்கள விவசாயிகள் பலரிடமும் அத்தகைய சான்றிதழ் இருந்திராது. ஆனால் அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. ஐரோப்பாவை அழித்த இனத்தூய்மைக் கொள்கையின் மறுபதிப்பே இது என்று என்.எம். சபையில் கண்டித்தார். சட்டம் நிறைவேறியது.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை மட்டுமன்றி, இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களையும் விண்ணப்பப் படிவத்துடன் காத்திருக்க வைத்தது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இச்சட்டங்களுக்கு எதிரான வழக்கும் என்.எம்.மின் றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்தே கிளம்பியமை குறிப்பிடத்தக்கது. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை என்பவர் நீதி கேட்டார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை மீறியதால் இச்சட்டங்கள் செல்லாதவை என்று இடாப்பைத் திருத்தும் அதிகாரி தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை 1951இல் இரத்துச் செய்தது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டை நிராகரித்தது.

இதுவரை கூறியவை என்.எம்.மின் பெருமைகள். எஞ்சியதையும் கூறாவிடின் நாம் வரலாற்றுக்கு நேர்மையாக இருந்தவர்கள் ஆகோம். 1964 ஜூன் மாதத்தில் அவர் நிதியமைச்சரானார். அக்டோபர் 30இல் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் தீர்மானிப்பதற்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். வம்சாவளிச் சட்டத்தை எதிர்த்தவர், அதன் விளைவைப் பங்கிட்ட அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். 1970 முதல் 1975 வரை அவர் மீண்டும் நிதியமைச்சர். அக்காலத்து உணவு நெருக்கடியில் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. 1974இல் தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. பருப்பு மாத்தயாவின் காலத்திலேயே தோட்டப்புறம் பட்டினி கிடந்தது. 1977 தேர்தலில் எட்டியாந்தோட்டையில் தோல்வியுற்ற அவர், 1979 ஆகஸ்ட் 14இல் காலமானார்.

நாடற்றோர் என்ற நிலைக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் முடிவு தேடின. ஒரு சட்டத்தால் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இதற்கிடையில் கப்பலேறிப் பிரிந்த அண்ணன் தம்பிகளை எந்தச் சட்டமும் ஒன்றுசேர்க்கவில்லை.

என்.எம்.மின் வாழ்வு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. குடும்பப் பெருமை எதுவுமின்றி மக்கள் மனதை வெல்ல முடியும் என்பது ஒன்று. கொள்கையுடையோரும் அதிகாரத்தின் அருகே அமரும்போது கொள்கையின் குரல் தாழ்ந்துவிடக்கூடும் என்பது மற்றொன்று. எனவே எந்தச் சமூகமும் தன் உரிமையை ஒரு தலைவரின் நல்லெண்ணத்தில் மட்டும் அடகு வைத்தல் ஆகாது. பிறந்த மண்ணும் சிந்திய வியர்வையுமே குடியுரிமைக்குப் போதிய சான்று என்ற கோட்பாடு, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றுசேர்ந்து காக்க வேண்டியதாகும். இன்று ஒருவரிடம் பூட்டனைக் கேட்கும் சட்டம், நாளை எவரிடமும் கேட்கலாம்.