பயில்வான் லிங்கன்

கோதாவில் கிடைத்த நண்பனின் மகனைத் தூக்கு மேடையிலிருந்து காத்த கதை

ஆபிரகாம் லிங்கனை அறியாதவர் இல்லை. மரக் குடிசையில் பிறந்தவர். அமெரிக்க ஜனாதிபதியாக உயர்ந்தவர். அடிமைகளின் விலங்கை உடைத்தவர். கொலைகாரனின் குண்டுக்கு இரையானவர்.

ஆனால் அவர் ஒரு குஸ்திப் பயில்வான் என்பது பலருக்குத் தெரியாது.

வாலிப வயதில் லிங்கன் கோதாவில் இறங்கினால், அவரைக் கீழே தள்ளுவது லேசான காரியம் அல்ல. 6 அடி 4 அங்குல உயரம். நீண்ட கைகள். மரம் வெட்டி உரம் ஏறிய தோள்கள். ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அவருடைய பலத்தைப் பற்றி அல்ல. எதிரியிடமும், எதிரியின் ஆட்களிடமும் அவர் நடந்து கொண்ட பெருந்தன்மையைப் பற்றித்தான்.

கிளாரி தோப்பு கோஷ்டி

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். 9 வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓர் ஆண்டு தேறாது.

1831-ம் ஆண்டு, 22-வது வயதில், பிழைப்புத் தேடி இல்லினாய் மாநிலத்தில் உள்ள நியூ சேலம் என்ற ஊருக்கு வந்தார். அது சங்கமன் நதிக் கரையில் இருந்த சிற்றூர். டென்டன் ஆஃபட் என்பவரின் கடையில் லிங்கனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

ஆஃபட் வாயாடி. தன் குமாஸ்தாவை வெல்ல அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று போவோர் வருவோரிடம் எல்லாம் பெருமை அடித்துக் கொண்டார்.

ஊருக்குச் சற்றுத் தொலைவில் கிளாரி தோப்பு என்ற இடம். அங்கே முரட்டு வாலிபர்கள் கோஷ்டி ஒன்று இருந்தது. குடி, பந்தயம், அடிதடி இவைதாம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. புதிதாக வந்த எவனையும் ஒரு கை பார்க்காமல் விட மாட்டார்கள். அந்தக் கோஷ்டியின் தலைவன் ஜாக் ஆர்ம்ஸ்டிராங். பலசாலி. குஸ்தியில் கைதேர்ந்தவன்.

ஆஃபட்டின் பேச்சு அவர்கள் காதுக்கு எட்டியது. பந்தயம் கட்டப்பட்டது. ஊரே கடை வாசலில் கூடிவிட்டது.

குஸ்தி தொடங்கியது. வெகு நேரம் இருவரும் கட்டிப் புரண்டனர். வென்றது யார்? லிங்கன்தான் என்றனர் சிலர். சமம் என்றனர் சிலர். ஜாக் முறை தவறிக் காலை வாரி விட்டான் என்றும் சிலர் சொன்னார்கள். நேரில் பார்த்தவர்களே இப்படிப் பலவிதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததை இப்படிச் சொல்கிறார்கள். ஜாக்கின் ஆட்கள் சினத்துடன் லிங்கனைச் சூழ்ந்தார்கள். லிங்கன் ஓடவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்தால் எத்தனை பேருடனும் மோதத் தயார் என்றார். அந்தத் துணிச்சல் ஜாக்கின் மனதைத் தொட்டது. தன் ஆட்களைத் தடுத்து நிறுத்தி, லிங்கனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று முதல் இருவரும் உயிர் நண்பர்கள். அடிக்க வந்த கூட்டமே லிங்கனுக்கு அரணாக மாறியது.

தோல்வியை ஒப்புக் கொண்டார்

அடுத்த ஆண்டு, 1832-ல், கருங்கழுகு என்ற செவ்விந்தியத் தலைவரோடு போர் மூண்டது. தொண்டர் படையில் லிங்கனும் சேர்ந்தார். படைத் தலைவரை வீரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். யாரை விரும்புகிறார்களோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். அதுதான் ஓட்டு. பெரும்பாலோர் லிங்கன் பின்னால் போய் நின்றனர். அவர்களில் கிளாரி தோப்பு வாலிபர்களும் இருந்தனர். ஜாக் அந்தப் படையில் சார்ஜண்டு ஆனான்.

படைகள் பியர்ட்ஸ்டவுன் என்ற ஊரில் கூடின. கூடாரம் அடிப்பதற்கு நல்ல இடம் ஒன்று இருந்தது. அது தங்களுக்குத்தான் வேண்டும் என்று லிங்கனின் படையும் இன்னொரு படையும் மல்லுக்கு நின்றன. குஸ்தி போட்டு முடிவு செய்வது என்று தீர்மானம் ஆயிற்று.

எதிர்ப் படையின் பயில்வான் லோரன்சோ டவ் தாம்சன். இந்தப் பக்கம் லிங்கன். வீரர்கள் கையில் இருந்ததை எல்லாம் வைத்துப் பந்தயம் கட்டினார்கள்.

முதல் சுற்றிலேயே தாம்சன் லிங்கனைத் தூக்கிப் போட்டார். இரண்டாவது சுற்றில் லிங்கன் சாயும்போது தாம்சனும் சேர்ந்து விழுந்தார். இருவரும் சேர்ந்து விழுந்தால் அது சமம் என்பது அக்கால வழக்கம். லிங்கனின் ஆட்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். பந்தயப் பணம் தர முடியாது என்றார்கள். இரு படைகளும் கை கலக்கும் நிலை வந்துவிட்டது.

லிங்கன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அங்கே ரத்த ஆறு ஓடியிருக்கும். ஆனால் அவர் எழுந்து, தன் ஆட்களைப் பார்த்து, தாம்சன் முறைப்படிதான் வென்றார், தோற்றது தான்தான் என்று கூறினார். கூச்சல் அடங்கியது. சண்டையும் நின்றது.

தோற்றவனே தோல்வியை ஒப்புக் கொண்ட பிறகு, அவனுடைய ஆட்கள் யாருக்காகச் சண்டை போடுவது?

போரிலிருந்து திரும்பிய லிங்கன், அதே ஆண்டு சட்டசபைத் தேர்தலில் நின்றார். 13 பேர் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் 8-வது இடம்தான் கிடைத்தது. ஆனால் நியூ சேலம் வட்டாரத்தில் மட்டும் 300 ஓட்டுகளில் 277 ஓட்டு அவருக்கு. அங்கே பலர் மாற்றுக் கட்சிக்காரர்கள். கட்சியைப் பாராமல் மனிதனைப் பார்த்துப் போட்ட ஓட்டுகள் அவை.

நிலவு சொன்ன சாட்சி

ஜாக்கின் மனைவி பெயர் ஹன்னா. லிங்கன் அவர்கள் வீட்டில் போய்த் தங்குவது உண்டு. ஹன்னா சோறு போட்டாள். கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தாள். அவளுடைய கைக்குழந்தையின் தொட்டிலை லிங்கன் ஆட்டுவார். குழந்தையின் பெயர் வில்லியம். செல்லமாக டஃப் என்று அழைத்தார்கள்.

ஆண்டுகள் உருண்டன. லிங்கன் பெயர் பெற்ற வக்கீல் ஆனார். ஜாக் காலமாகி விட்டான்.

1857-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந்தேதி இரவு ஒரு குடிகாரச் சண்டை. மெட்ஸ்கர் என்பவர் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்து போனார். கொலைக் குற்றம் டஃப் மீது விழுந்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவனுக்கு ஏற்கெனவே தண்டனை கிடைத்து விட்டது. டஃப்புக்குத் தூக்கு நிச்சயம் என்று ஊர் பேசியது.

விதவை ஹன்னாவுக்கு உதவ லிங்கன் ஓடி வந்தார். 1858-ம் ஆண்டு மே 7-ந்தேதி விசாரணை நடந்தது. எந்த ஊரில்? முன்பு தாம்சனிடம் அவர் தோற்ற அதே பியர்ட்ஸ்டவுனில்!

சார்லஸ் ஆலன் என்பவன் முக்கிய சாட்சி. சுமார் 150 அடி தூரத்தில் நின்று, டஃப் அடித்ததைத் தன் கண்ணாலேயே கண்டதாக அவன் சாதித்தான். இரவு 11 மணிக்கு எப்படித் தெரிந்தது என்று லிங்கன் மெல்லக் கேட்டார். நிலவு உச்சியில் பட்டப்பகல் போல் காய்ந்தது என்றான் ஆலன். லிங்கன் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

பிறகு ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து ஜூரிகள் முன் விரித்தார். அன்று இரவு நிலவு நள்ளிரவை ஒட்டி மறைந்து விட்டது. 11 மணிக்கு அது உச்சியில் இல்லை. அடிவானத்தை நெருங்கிக் கொண்டிருந்தது!

சாட்சியின் சொல் தவிடுபொடி ஆயிற்று. டஃப் விடுதலையானான். லிங்கன் ஒரு காசும் கூலி வாங்கவில்லை.

பின்னர் உள்நாட்டுப் போரில் டஃப் வடக்குப் படையில் சேர்ந்து நோயுற்றான். தாய் ஹன்னா வேண்டிக் கொண்டாள். 1863-ல் ஜனாதிபதி லிங்கனே உத்தரவு போட்டு அவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

எதிரியின் பாட்டு

1861-ல் தொடங்கிய அந்த உள்நாட்டுப் போர் 4 ஆண்டுகள் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி தென் பகுதித் தளபதி லீ சரண் அடைந்தார்.

மறுநாள் வெள்ளை மாளிகை முன் மக்கள் வெள்ளம். பாண்டு வாத்தியம் முழங்கியது. வெளியே வந்த லிங்கன் ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னார். அதைக் கேட்டுக் கூட்டம் வியந்தது. அது டிக்சி என்ற பாட்டு. தென் பகுதி வீரர்கள் பாடிக் கொண்டே போருக்குப் போன பாட்டு! அது தனக்கு எப்போதும் பிடித்த பாட்டு என்றார் லிங்கன். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 14-ந்தேதி, லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற நகரம் இருக்கிறது. கல்லூரி மல்யுத்தத்துக்குப் பேர் போன ஊர் அது. அங்குள்ள தேசிய மல்யுத்தப் புகழ் மண்டபம் 1992-ல் லிங்கனுக்குச் சிறப்புச் செய்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இன்றும் மல்யுத்த மாணவர்கள் மோதுவதற்கு முன்பும் பின்பும் கை குலுக்குகிறார்கள். தங்கள் கல்லூரி வெல்ல வேண்டும் என்று இரு பக்கமும் மாணவர் கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

ஆரவாரம் செய்வது தவறு அல்ல. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கை குலுக்கலில் ரசிகர்களும் சேர்ந்து கொள்ள வேண்டும். நியூ சேலம் கடை வாசலில் ஜாக் ஆர்ம்ஸ்டிராங் கையை நீட்டாமல் இருந்திருந்தால், அவனுடைய மகனுக்காகப் பஞ்சாங்கத்தைப் புரட்ட யார் வந்திருப்பார்கள்?